நான்கு மைக் வாங்கக் காசு இருக்கிறது, எதை வாங்குவது?

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். பினாங்கில் ஒரு கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர் போன் செய்தார். "தம்பி, நவராத்திரிக்கு ஒன்பது நாளும் நிகழ்ச்சி இருக்கு. ஒரு நாள் கச்சேரி, ஒரு நாள் பரதம், ஒரு நாள் வீணை, ஒரு நாள் சொற்பொழிவு. கடையில எட்டு மைக் உள்ள செட் ஒண்ணு காட்டுறாங்க. எங்க கையில நாலு மைக் வாங்கத்தான் காசு. கடன் வாங்கி எட்டாவே எடுத்துடலாமா?"

இரண்டாவது என் சித்தி மகள். பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்கிறாள். "ஸ்டூடியோ மைக் வாங்கின பிறகுதான் அண்ணே சத்தம் மோசமாச்சு" என்றாள். மூன்றாவது, செந்தூலில் உறுமி மேளக் குழுவில் அடிக்கும் பையன். "எதுல ரெக்கார்ட் பண்ணாலும் கிழியுதுண்ணே."

மூன்று பேருக்கும் மூன்று விடை. ஆனால் விடைக்குப் போகும் வழி ஒன்றுதான். ஒலி எங்கிருந்து வருகிறது, மைக் எங்கே நிற்கப் போகிறது என்பதை முடிவு செய்துவிட்டால், எந்த வகை வாங்குவது என்பதில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைக்குப் போகும் முன்

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் மைக் எவ்வளவு கிட்டே போக முடியும் என்று பாருங்கள். பாடுபவர் வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் மைக் வைக்கலாம். வீணையில் அது நடக்காது. கை ஓடுவதற்கு இடம் வேண்டும், 30 சென்டிமீட்டராவது தள்ளித்தான் வைக்க முடியும். திறந்த வெளியில், தூரம் பாதியானால் மைக்குக்குக் கிடைக்கும் ஒலி 6 டெசிபெல் கூடும். டெசிபெல் என்பது ஒலி அளவின் அலகு. இந்த 6 டெசிபெலை எந்த விலை உயர்ந்த மைக்கும் இலவசமாகத் தராது.

அடுத்தது, பக்கத்தில் வேறு என்னென்ன கேட்கிறது என்பது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நம் ஊர் மண்டபங்களில் தலைக்கு மேல் ஆறு மின்விசிறி, பக்கத்தில் ஸ்பீக்கர், பின்னால் தவில், வெளியே மோட்டார் சைக்கிள். நம் காது மின்விசிறிச் சத்தத்தை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். மைக் மறக்காது.

பிறகு, எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று யோசியுங்கள். சொற்பொழிவுக்கு வார்த்தை தெளிவாகக் கேட்டால் போதும். வயலினுக்கு வில் கம்பியில் உரசும் அந்த மேல் ஸ்தாயி மினுக்கமும் வேண்டும். கையில் இருக்கும் மிக்ஸரில் 48 வோல்ட் பான்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் பொத்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, நிகழ்ச்சி முடிந்ததும் அந்த மைக்கை யார் எடுத்து எங்கே வைப்பார்கள்? இதைக் கேட்டால் நிர்வாகத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கேளுங்கள்.

டைனமிக் மைக்

மெல்லிய சவ்வின் பின்னால் ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் சுருள் அசையும், சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கோயில், திருமண மண்டபம், பள்ளி எங்கே போனாலும் நீங்கள் பார்க்கும் பந்து வைத்த மைக் இந்த வகைதான். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 வந்தது 1966-இல், அதன் அண்ணன் எஸ்எம்57 வந்தது 1965-இல். இரண்டும் இன்றும் விற்கின்றன. உள்ளே இருக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், தலைப்பகுதிதான் பெரிய வித்தியாசம். 58-இன் பந்து பாடுபவரின் மூச்சைத் தாங்கும். 57-ஐத் தோல் கருவிகளுக்கு நெருக்கமாக வைக்கலாம்.

எங்கே இது முந்துகிறது என்றால், சத்தம் பலமாக இருந்து, மைக் கிட்டே போக முடிந்து, சுற்றிலும் ஸ்பீக்கர்கள் இருக்கும் எல்லா இடத்திலும். மேடைப் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், சொற்பொழிவு, அர்ச்சகரின் மந்திரம். மிருதங்கத்துக்கு இரண்டு வேண்டும். வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று, கை அசைவுக்கு இடம் விட்டு 15 சென்டிமீட்டர் தள்ளி. ஒன்றை மட்டும் நடுவில் வைத்தால் வலந்தலையின் சுருதியும் தொப்பியின் கும்கி என்ற அடிநாதமும் இரண்டும் பாதி பாதியாகத்தான் வரும்.

தவில் கதை வேறு. வலந்தலையில் விரல் கூடுகள், தொப்பியில் கம்பு. திறந்த வெளியில் தெரு முழுக்கக் கேட்கப் பிறந்த கருவி அது. சிறிய மண்டபத்தில் தவிலுக்கு மைக் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லி, இரண்டு தவில் வித்வான்கள் என் மேல் கோபப்பட்டிருக்கிறார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். மண்டபம் பெரிது, கூட்டம் ஐந்நூறைத் தாண்டும் என்றால் வையுங்கள். தொப்பிப் பக்கத்துக்கு டிரம் செட்டில் பாஸ் டிரம்முக்கு வைக்கும் பெரிய டைனமிக், ஏகேஜி டி112 மாதிரி, நன்றாக உட்காரும்.

இது சறுக்கும் இடங்களும் உண்டு. எஸ்எம்58 சுமார் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். வீணையின் மீட்டுச் சத்தம், வயலினின் மினுக்கம் எல்லாம் கொஞ்சம் மங்கிப்போகும். மெல்லிய குரலுக்கு மிக்ஸரில் நிறைய ஏற்ற வேண்டிவரும். வானொலிக்காரர்களும் பாட்காஸ்ட்காரர்களும் வைத்திருக்கும் எஸ்எம்7பி-க்கு 60 டெசிபெல் அளவுக்கு ஏற்றம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான ஆடியோ பெட்டியில் அவ்வளவு ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து வரும். அதைச் சரிக்கட்ட ஒரு பூஸ்டர் வாங்குவார்கள். மைக் விலையைப் பார்த்து பட்ஜெட் போட்டவர்களுக்கு இது எதிர்பாராத செலவு.

இன்னொரு மறைமுகச் செலவு, போலி. எஸ்எம்58 உலகத்திலேயே அதிகம் காப்பி அடிக்கப்படும் மைக்குகளில் ஒன்று. நானே ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று இரண்டு வாங்கி ஏமாந்தேன். பெட்டி, பை, காகிதம் எல்லாம் அசல் மாதிரியே. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. கேபிள் இல்லாமல் அசல் 298 கிராம். என்னுடையது 240-ஐக்கூடத் தொடவில்லை. எடை சரியாக இருந்தாலும் அது அசல் என்று அர்த்தமில்லை என்பது வேறு விஷயம். அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

கண்டென்சர் மைக்

இங்கே மிக மெல்லிய சவ்வு ஒரு தகட்டுக்கு எதிரே நிற்கிறது. சவ்வு அசைய, இடைவெளி மாறும், மின்னழுத்தம் மாறும். இதற்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். சுருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் சவ்வு சட்டென்று அசையும், நுணுக்கமும் மேல் ஸ்தாயியும் நன்றாக வரும். எஸ்எம்58-ஐ விட, ரோடு நிறுவனத்தின் என்டி1-ஏ என்ற கண்டென்சர் ஒரே ஒலிக்குச் சுமார் 13 மடங்கு வலுவான சிக்னலைத் தருகிறது.

இதில்தான் அந்தப் பிரபலமான வாதம் வருகிறது: "கண்டென்சர் அறைச் சத்தத்தை எல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது." இது பாதி உண்மை. இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே திசை வடிவத்தில் (எந்தெந்தப் பக்கத்து ஒலியைப் பிடிக்கும் என்பது) வைத்து, குரல் சமமாகக் கேட்கும்படி ஏற்றினால், மின்விசிறியும் கிட்டத்தட்ட சமமாகத்தான் கேட்கும். பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள்? டைனமிக்கைத் தள்ளி வைத்தால் குரலே கேட்காது, அதனால் நாம் தானாகவே கிட்டே போய்விடுகிறோம். கண்டென்சரை 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் குரல் கேட்கிறது, அதனால் தள்ளியே உட்கார்ந்துவிடுகிறோம். சத்தத்தை உள்ளே விடுவது அந்தத் தூரம்தான்.

என் சித்தி மகளுக்கு நடந்தது அதுவே. மேசை மேல் லேப்டாப், அதன் பின்னால் மைக், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழம். எதிரே ஓடு பதித்த வெறும் தரை, கண்ணாடி ஜன்னல், கீழே மோனோரயில். மைக்கை மாற்ற வேண்டாம் என்றேன்.

கண்டென்சரில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. பெரிய சவ்வு, அதாவது ஒரு அங்குலம் அளவு உள்ளது, குரலுக்கு இதமாக இருக்கும், சொந்த இரைச்சல் குறைவு. என்டி1-ஏ-யின் இரைச்சல் வெறும் 5 டெசிபெல். சிறிய சவ்வு, பென்சில் மாதிரி இருப்பது, பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியையும் நிறம் மாறாமல் பிடிக்கும். வயலின், புல்லாங்குழல், வீணை, தேவாரக் குழு இவற்றுக்கெல்லாம் நான் பென்சிலைத்தான் எடுப்பேன். நம் வயலின் வித்வான்கள் வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், மேலே இருந்து 30 முதல் 40 சென்டிமீட்டரில் வைப்பது சுலபம். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே வைக்காதீர்கள், மூச்சு வந்து மைக்கில் மோதும். வாய்க்கும் விரல்களுக்கும் நடுவே, சற்று மேலே.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம். மூச்சுத் திரை, அதிர்வுத் தாங்கி, 48 வோல்ட் உள்ள பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே நம் ஊர் ஈரம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்த ஈரம் சவ்வில் ஏறினால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். கேமரா வைத்திருப்பவர்கள் வைக்கும் ட்ரை கேபினெட்டில் 40 முதல் 50 சதவீத ஈரத்தில் வைத்தால் நல்லது. அது முடியாதென்றால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும். கோயில் ஸ்டோர் ரூமில் எண்ணெய்க் குப்பியோடும் கற்பூரத்தோடும் அடுக்கி வைக்கிறவர்கள் கண்டென்சர் வாங்க வேண்டாம். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் இதைத் தைரியமாகப் பயன்படுத்தலாமா? அமைதியான கச்சேரிக்கு, ஸ்பீக்கர் முன்னால் இருந்தால், ஆம். வாத்தியக்காரர் முன்னால் மானிட்டர் ஸ்பீக்கர் அலறுகிற நிகழ்ச்சியில், அந்த ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடும்.

ரிப்பன் மைக்

காந்தங்களுக்கு நடுவே சில மைக்ரான் தடிமனில் அலுமினிய ரிப்பன் ஒன்று. 1930-களில் ஆர்சிஏ நிறுவனம் வானொலி நிலையங்களுக்குச் செய்து புகழ்பெற்ற வகை. முன்னும் பின்னும் கேட்கும், இரண்டு பக்கமும் கேட்காது. நாதஸ்வரத்தின் கூர்மையை இது அழகாக வழித்து இனிமையாக்கும். ஸ்டூடியோவில் நாதஸ்வரம் பதிவு செய்பவர் என்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு காற்று அடித்தாலே ரிப்பன் தளர்ந்துவிடும், தவறாக இணைத்த கேபிளில் 48 வோல்ட் போனால் அதோடு முடிந்தது.

எந்த மைக்கானாலும் நாதஸ்வரத்தின் அணைசுக்கு நேரே வைக்காதீர்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால் முழு வாத்தியமும் கேட்கும்.

கம்பியில்லா மைக், சட்டை மைக்

நடந்துகொண்டே பேசும் சொற்பொழிவாளருக்கும் நடனமாடிக்கொண்டே பாடுபவருக்கும் வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நம் மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு அனலாக் தொலைக்காட்சி முழுவதும் நின்றது. அது காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை இப்போது 5ஜி-க்குப் போய்விட்டது. பழைய கம்பியில்லா செட் சில அந்தப் பட்டையில் ஓடுபவை. மலிவாகக் கைமாறுகின்றன, வாங்கினால் நிகழ்ச்சி நடுவே கரகரக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் குட்டி மைக்குகள் வீட்டு வீடியோவுக்கு அருமை. ஆயிரம் பேர் வைஃபை போனோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அடிக்கடி விட்டு விட்டுக் கேட்கும். வாங்கினால் நம் நாட்டுத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பேட்டரிச் செலவையும் கணக்கில் சேருங்கள். வருடத்துக்கு ஒரு நாள்தான் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

வீணைக்குப் பலர் அதிர்வை நேராகப் பிடிக்கும் பிக்அப்பைக் குடத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஊளையிடுவது குறைவு, ஆனால் மரத்தின் குரல் குறைந்து கம்பியின் குரல் கூடும். பென்சில் மைக்கோடு கலந்தால் இரண்டும் கிடைக்கும்.

நீளமான ஷாட்கன் மைக் தூரத்திலிருந்து இழுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. திறந்த வெளியில் ஓரளவு உதவும். மண்டபத்துக்குள் சுவரில் மோதி வரும் எதிரொலியையும் சேர்த்துத்தான் தரும்.

ஒரு பார்வையில்

| ஒலி | மேடையில் | வீட்டிலும் ஸ்டூடியோவிலும் |
|---|---|---|
| பாட்டு, பேச்சு | டைனமிக், 5 செ.மீ. | பெரிய சவ்வு கண்டென்சர், அறை சத்தமாக இருந்தால் டைனமிக் |
| மிருதங்கம் | டைனமிக் இரண்டு | பென்சில் இரண்டு |
| தவில் | முடிந்தால் ஒன்றும் வேண்டாம் | டைனமிக் இரண்டு |
| நாதஸ்வரம் | டைனமிக், ஒரு மீட்டர் | ரிப்பன் |
| வயலின், புல்லாங்குழல் | பென்சில் | பென்சில் |
| வீணை | பிக்அப், கூட பென்சில் | பென்சில் |
| சலங்கை | மேடைத் தரையில் படுக்கும் பவுண்டரி மைக் | அதுவே |
| உறுமி | டைனமிக் | சற்றுத் தள்ளி ரெக்கார்டர் |

அப்புறம் மூவரும் என்ன செய்தார்கள்

செந்தூல் பையனின் சிக்கல் மைக் வகையில் இல்லை. போனை உறுமிக்கு அரை மீட்டரில் பிடித்திருக்கிறான். போனின் மைக் அந்தச் சத்தத்துக்குச் செய்யப்படவில்லை, போதாததற்குத் தானாகவே ஒலியை ஏற்றி இறக்கும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் கிழியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்டரில் ஒலி ஏற்றத்தைத் தவறாக வைத்தால் மட்டும்தான் அது காப்பாற்றும். உள்ளே இருக்கும் மைக்கே திணறினால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட சிறிய ரெக்கார்டர் ஒன்றை நான்கு மீட்டர் முன்னால், குழுவின் நடுவை நோக்கி, காற்றுத் தொப்பி போட்டு வைக்கச் சொன்னேன். உறுமியின் அந்த உறுமலை, குச்சியால் தேய்க்கும் பக்கத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டுமென்றால், பிறகு ஒரு பாஸ் டிரம் மைக் சேர்த்துக்கொள்ளலாம். பினாங்கில் தைப்பூசத்தன்று இரதத்தின் முன்னால் தேங்காய் உடைக்கும் இடத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறான். அங்கே இன்னும் தள்ளி நில் என்றேன், காதுக்காகவும்தான்.

சித்தி மகள் மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாள். நேராக இல்லாமல் வாய் ஓரத்திலிருந்து, நடுவில் மூச்சுத் திரை. கதை சொல்லும் நேரம் மட்டும் மின்விசிறியை நிறுத்தினாள், முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை இரண்டு. மழை கொட்டும் மாலையில் பதிவு வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். புதிய செலவு போர்வைக்கு மட்டும்.

பினாங்குப் பெரியவரிடம் எட்டு வேண்டாம் என்றேன். மேடையில் திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளையிடுவதற்கு முன் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் போய்விடும். எட்டும் திறந்திருந்தால் ஒன்றோடு ஒப்பிட 9 டெசிபெல் நஷ்டம். பதிலாக எஸ்எம்58 வகை இரண்டு, 57 வகை ஒன்று, பென்சில் கண்டென்சர் ஒன்று. கச்சேரி நாளில் பாடகருக்கு ஒரு 58, மிருதங்க வலந்தலைக்கு 57, தொப்பிக்கு மற்ற 58, வயலினுக்குப் பென்சில். பரத நாளில் பாட்டுக்கும் நட்டுவாங்கத்துக்கும் 58, மிருதங்கத்துக்கு 57 ஒன்றே, புல்லாங்குழலுக்குப் பென்சில். நடந்து பேசும் பேச்சாளருக்கு மட்டும் ஒரு நாள் வாடகை செட்.

"எங்க மிக்ஸர்ல 48 வோல்ட் பொத்தான் ஒண்ணுதான் இருக்கு, அமுக்கினா எல்லா மைக்குக்கும் போகுமே" என்று கவலைப்பட்டார். சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக்) கேபிளில் டைனமிக்குக்கு அதனால் கெடுதல் இல்லை, ரிப்பன் இல்லாதவரை பயமில்லை என்றேன். மீதிக் காசில் கனமான ஸ்டாண்ட் வாங்கச் சொன்னேன். அதைக் கேட்கவில்லை, மலிவானதை வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பூசையில் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பிய குரல் பதிவு இது: "தம்பி, நாலு மைக் போதுது. ஊளையே இல்ல. ஆனா பென்சில் மைக் வச்ச ஸ்டாண்டு தலையைக் கீழே போடுது. சணல் கயிறு கட்டி நிறுத்தியிருக்கோம். நீ சொன்ன அந்தக் கனமான ஸ்டாண்டு எந்தக் கடையில கிடைக்கும்?"